வாய் மூடாத இலைகள்

"பத்து நாளா தண்ணியே ஊத்தாத செடி, இப்படியா வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும்?" என்று கேட்டார் பேராசிரியை.

ஆராய்ச்சி மாணவி திரையைப் பார்த்து விழித்தாள். இலையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தாகம் எடுத்தால், இருக்கிற நீரைக் காப்பாற்றச் செடி அவற்றை மூடிக்கொள்ளும். நுண்ணோக்கிப் படத்தைக் கொடுத்தால் அந்தத் துளைகளைத் தானே எண்ணி அளந்து சொல்லும் மென்பொருளை அவள் நான்கு வருடம் பாடுபட்டு எழுதியிருந்தாள். நாம் ஒரு வாய் காபி குடிப்பதற்குள் முந்நூறு துளைகளை அளந்துவிடும். அப்படியொரு கெட்டிக்காரப் பிள்ளை! அதுதான் இன்று, தண்ணீர் ஊற்றிய வரிசையும் ஊற்றாத வரிசையும் ஒன்றே என்று சாதித்தது.

வறட்சி தாங்கும் ரகம் என்பதால், இலை வாடாதது யாரையும் உறுத்தவில்லை.

"நாளைக்கு ஆய்வுக் குழு முன்னாடி இதையா காட்டுவே? சரியா வரலைன்னா இந்த மென்பொருளை மறந்துடு. நாற்பதாயிரம் துளையையும் கையால எண்ணு."

"அச்சு சரியா விழலையோ என்னவோ, மேடம்."

இலையில் நகப்பூச்சு தடவி, காய்ந்ததும் உரித்தெடுப்பதுதான் அச்சு. புதுப் புட்டி வாங்கித் தடவினாள். அவசரத்தில் குமிழி விழுந்தது. மென்பொருள் குமிழிகளை அழகாக ஒதுக்கிவிட்டு, ஊற்றாத செடிக்குத்தான் துளை பெரிது என்றது.

சரி, பாடத்தை மாற்றுவோம் என்று, மென்பொருளுக்குப் பாதி திறந்ததையும் மூடியதாக எண்ணச் சொல்லிக் கொடுத்தாள். உடனே தினமும் தண்ணீர் குடித்த செடிகளெல்லாம் தாகத்தில் சாகக் கிடப்பதாக அறிவித்தது.

"நல்லா இருந்த பிள்ளையை நீயே கெடுத்துட்டே" என்றார் பேராசிரியை.

பழையபடி மாற்றினாள். பழைய பாட்டையே பாடியது.

"வளர்த்த என்னையே கவுத்துட்டியே" என்று திரையிடம் சொன்னபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

செடிக்கூடத்தைப் பூட்டச் சாவியோடு வந்த காவலாளி பதறிப்போனார். "என்னம்மா, செடிக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"தண்ணி ஊத்தாத வரிசைக்கு ஒண்ணுமே ஆகலைண்ணே. அதான் கவலை."

காவலாளியின் முகம் மலர்ந்தது.

"எப்படிம்மா ஆகும்? 'இதுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்'னு நீங்க எழுதி வெச்சதைப் பார்த்ததும் எனக்கு மனசே கேக்கலை; மத்ததுக்கு நீங்க ஊத்துறதைவிட தினமும் ஒரு குவளை கூடவே ஊத்திட்டு வர்றேன்!"