மாப்பிள்ளையின் கார்க் கண்ணாடி

அரியலூர்,
புதன்கிழமை.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை இளவரசன் அவர்களுக்கு, மாமனார் அரங்கநாதன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியார் முத்தாயியும் சௌக்கியம். துபாயில் உங்கள் உடம்புக்கும் வேலைக்கும் குறை வராமல் கல்லங்குறிச்சிப் பெருமாள் பார்த்துக்கொள்வார். காரும் சௌக்கியம். நடுவில் கொஞ்ச நாள் சௌக்கியமாக இல்லை. அதைப் போனில் ஆரம்பித்தால் உங்கள் மாமியார் பிடுங்கிப் பேசிவிடுவாள். அவள் பெருமையை அவளே சொன்னால் நன்றாக இருக்காது என்பதால் நான் எழுதுகிறேன்.

"வளைகாப்பு முடிஞ்சதும் நந்தினிய எங்க ரஞ்சன்குடி வீட்டுலேருந்து நம்ம கார்லயே கூட்டிட்டுப் போங்க மாமா" என்று சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினீர்கள். மாப்பிள்ளை கார் என்றால் சும்மாவா, சிமெண்ட் லாரி போகிற ரோட்டுப் புழுதி அதில் படியலாமா என்று தினமும் உச்சி வெயிலில், சீக்கிரம் காயட்டும் என்று, போர்வெல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன். துணி பட்டால் கீறல் விழுமே என்று துடைக்கக்கூட இல்லை, அவ்வளவு பொறுப்பு. நம் ஊர்ப் பூமிக்குள் சுண்ணாம்புக் கல் இருப்பது சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்குத் தெரியாததா? அது தண்ணீரோடு ஏறிவந்து உங்கள் கண்ணாடியில் குடியிருக்கும் என்றுதான் தோன்றவில்லை. முன்கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. சாயங்கால வெயில் எதிரே அடித்தபோது ரோடே மறைந்து, நின்றுகொண்டிருந்த லாரியின் முதுகை ஒட்டிப் போய்த்தான் பிரேக் போட்டேன். வீடியோவில் பார்த்த நந்தினி, "அப்பா, இந்தக் கண்ணாடிய வெச்சுக்கிட்டு நீங்க ஓட்ட வேணாம். நான் ரஞ்சன்குடியிலேருந்து பஸ் புடிச்சு வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். வளையல் அடுக்கிய கையோடு தலைப்பிரசவத்துக்கு வருகிற பெண்ணைப் பஸ்ஸிலா கூட்டி வருவது? எனக்கு அழுகையே வந்துவிட்டது, மாப்பிள்ளை.

கடையில் கேட்டால் கண்ணாடியையே மாற்றச் சொன்னார்கள். முத்தாயி கேட்டாள்: "கொடத்துல உப்புக் கறை புடிச்சா நான் என்ன கொடத்தையா மாத்தறேன்? வண்டிய நெழலுக்குத் தள்ளுங்க." தள்ளினேன். வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை அதில் நனைத்து, காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போடுவது போலக் கண்ணாடிமேல் ஒட்டவைத்தாள். பெயிண்டில் சொட்டாமல் துண்டை ஏந்திக்கொண்டு நான் நின்றேன். முக்கால்வாசிப் புள்ளி அதிலேயே போய்விட்டது. பிடிவாதம் பிடித்ததைக் கண்ணாடி பாலிஷ் வாங்கிவரச் சொல்லி வட்டம் வட்டமாகத் தேய்த்தே எடுத்தாள். கழுவியது குடிக்கிற கேன் தண்ணீரில். துடைத்தது என் கல்யாண வேட்டியில், "இதான் மெத்துன்னு இருக்கு" என்றாள். பிறகு தண்ணீர் ஒட்டாமல் இருக்க ஒரு பூச்சு வாங்கிவந்து தடவி, காயவிட்டு, மினுக்கினாள். வெளிப்பக்கம் போதும் என்று பாட்டிலில் போட்டிருந்தது. "மிச்சம் இருக்குல்ல, உள்ளயும் இருந்துட்டுப் போவட்டும்" என்று உட்பக்கமும் பூசிவிட்டாள். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். உருண்டு ஓடிவிட்டது, ஒரு சொட்டு நிற்கவில்லை. இப்போது கண்ணாடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இவளிடம் இவ்வளவு சாமர்த்தியம் இருப்பதை நான் கவனித்ததே இல்லை. இனி காரைப் பற்றி உங்களுக்கு ஒரு கவலையும் வேண்டாம். நந்தினியும் காரிலேயே வரச் சம்மதித்துவிட்டாள். நாளை மறுநாள் வளைகாப்பு, அன்றே அழைத்து வருகிறோம்.

பிள்ளையும் தாயுமாக இரண்டு உயிரும் நலமாக உங்கள் கையில் வந்து சேரவும், நீங்கள் மேலும் மேலும் உயரவும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
அரங்கநாதன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் வளைகாப்பு முடிந்துவிட்டது. நந்தினி பத்திரமாக வந்து சேர்ந்தாள். உங்கள் வீட்டு விருந்து அபாரம், தாம்பூலமும் அபாரம். வெற்றிலையை வாய் நிறையப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினேன். பெரம்பலூர் தாண்டியதும், ஜன்னல் திறந்திருக்கிறது என்று நம்பி, வாயில் இருந்ததை அப்படியே வெளியே துப்பினேன். ஜன்னல் மூடியிருந்தது. நீங்கள் ஆசையாகப் போட்ட வெள்ளை சீட் உறை, கதவு, என் சட்டை எல்லாம் சிவப்பு. நந்தினி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள், முத்தாயி இன்னும் உறையைத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் கண்ணாடியில் ஒரு சொட்டுக்கூட ஒட்டவில்லை, மாப்பிள்ளை.