சேவலுக்கு வந்த மார்புச் சாபம்

2006-இல் கொல்லிமலையில் மிளகு விலை ஏறியதோ இல்லையோ, மிளகுச் சித்தரின் விலை ஏறிவிட்டது. மலையேறும் பேருந்தில் நிற்க இடமில்லை. கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தவர்கள்கூடப் பாவம் கழிகிறதென்று சந்தோஷமாக எடுத்தார்கள்.

சித்தரின் பழைய பெயர் அர்த்தனாரி. ஒரு குடும்பத்துப் பெண்களுக்கு வரிசையாக மார்பில் புற்று வந்தால் அது தாய்வழிச் சாபம் என்பார். தன் வலது பக்கம் வைத்திருக்கும் பையிலிருந்து மிளகெடுத்துத் தண்ணீரில் போடுவார். மிதந்தால் சாபம். எல்லோருக்கும் மிதந்தது. பூசை முடிந்ததும் இடது பை மிளகு. எல்லோருக்கும் மூழ்கியது. அவ்வளவு ஒழுக்கமான சாபம்!

அந்த மலைக்காரி மேனகாவுக்கு இது பொறுக்கவில்லை. அவளுடைய அப்பாவைப் பெற்றவளும் அத்தையும் மார்புப் புற்றில் போனவர்கள். இப்போது அக்கா சுமித்ராவின் மார்பில் ஒரு கட்டி. நாளை சேலத்தில் பரிசோதனை. சித்தரோ சாபத்தைக் கழித்துவிட்டு, ஒரு மண்டலம் மலை இறங்கக் கூடாது என்றுவிட்டார்.

"அக்கா, சென்னை ஆஸ்பத்திரில மரபணு ஆலோசனை சொன்ன அம்மா என்ன சொன்னாங்க? இது சாபமில்ல, ரத்த வழில வர்ற கோளாறு. அப்பா வழிலயும் வரும். நமக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் நோவு வந்தே தீரும்னு இல்ல. முன்னாடியே பாத்துக்கிட்டா பொழைக்கலாம்னாங்க."

"அந்தம்மா 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்'னாங்க. சாமி 'போயிருச்சு'ன்னுட்டாரு. எது கண்ணு கேக்க நல்லாருக்குது?"

கேட்க நல்லாத்தான் இருந்தது. அர்த்தனாரியின் தொழிலே அதுதானே!

மேனகா வீட்டுச் சேவலைக் கக்கத்தில் இடுக்கினாள். அக்காவை இழுத்துக்கொண்டு ஆசிரமத்துக்குப் போனாள்.

"சாமி, இந்தச் சேவலோட பரம்பரைக்கும் ஒருக்காப் பாருங்க."

"ஏம்புள்ள, சாமிகிட்டயே நக்கலா?" என்று முன்வரிசை பக்தர் சின்னக்கண்ணு எகிறினார்.

"இல்லீங் மாமா. இதோட அம்மா போச்சு, அம்மாயி போச்சு. அத்தனையும் கொழம்புலதான் போச்சு."

சித்தர் கண்ணை மூடினார். அதற்குள் வலது பையில் கைவிட்டு, சேவல் பெயரைச் சொல்லி மேனகாவே மிளகைப் போட்டாள். மிதந்தது.

"ஐயோ, சேவலுக்கு மார்புச் சாபம்!" என்று ஒரு பெண் நிஜமாகவே அழுதாள்.

அடுத்து இடது பை. மூழ்கியது.

"பூசையே இல்லாமக் கழிஞ்சிருச்சுங்க!" என்றாள் மேனகா.

நாலு பேர் சேவலின் காலில் விழுந்தார்கள். சின்னக்கண்ணு மட்டும் வலது பை மிளகொன்றைக் கடித்தார். உள்ளே வெறும் காற்று.

"அடேய், இது பொக்கு மிளகு! மண்டிக்காரன் தண்ணில போட்டுக் கழிச்சதத்தான நான் இவனுக்குக் காணிக்கையாக் குடுத்தேன்!"

பொக்கு மிதக்கும், நல்லது மூழ்கும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது தோட்டத்து அறிவு. சாமி முன்னால் செருப்போடு சேர்த்து அதையும் வெளியே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அர்த்தனாரிக்கு அவசரமாகச் சமாதி நிலை கூடியது. சின்னக்கண்ணு தட்டித் தட்டிப் பார்த்தும் கலையவில்லை.

கூட்டம் சிரித்தது. சுமித்ரா சிரிக்கவில்லை. மாராப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப கட்டி இன்னும் இருக்குதுல்ல?"

"இருக்குதுக்கா."

"காலைல மொத பஸ் எப்ப கண்ணு?"

மறுநாள் இருவரும் மலை இறங்கினார்கள். ரத்த வழியில் வருகிற கோளாறைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை வந்துவிட்டது. பரம்பரையாக வருகிற மடமைக்கு இன்னும் வரவில்லை. அதை அவரவர்தான் தலைக்குள் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.