ஆண்டவரையும் விடாத ஃபாலோஅப் அக்கா

ஓசூரில் ஆண்டவரையே வேலை வாங்கத் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார். எங்கள் சபையில் அவருக்கு ஃபாலோஅப் அக்கா என்று பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சபைப் பதிவேட்டில் இருக்கிறது. சபைச் செயலாளராகிய நானே அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அக்கா கெலமங்கலத்துக்காரர். இங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில் முப்பது வருடம் இருந்தார். சரக்கை அனுப்பாமல் சாக்குச் சொல்கிறவர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் போனில் துரத்துவதுதான் வேலை. ஓய்வு பெற்ற மறு ஞாயிறே எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

எங்கள் சபை வாசலில் ஜெபக் குறிப்புப் பெட்டி ஒன்று உண்டு. வேண்டுதலைத் துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டால் போதகர் எடுத்து வாசிப்பார். நாங்கள் கண்ணை மூடுவோம், ஆமென் சொல்வோம், வெளியே வந்து டீ குடிப்பதற்குள் மறந்துவிடுவோம். அவசரமென்றால் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம். எல்லோரும் ஆளுக்கொரு கும்பிடும் கை போட்டுக் கடமையை முடிப்பார்கள். இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்த ஆவிக்குரிய வாழ்க்கையில்தான் அக்கா புகுந்தார். வாசித்து முடித்த சீட்டுகளைப் போதகரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு கேட்டில் நிற்க ஆரம்பித்தார்.

முதலில் மாட்டியவர் முழங்கால் வலிக்காரர்.

“வலி என்னாச்சுங்க?”

“பரவாயில்லைக்கா.”

“பரவாயில்லைன்னா? இருக்குதா, போயிடுச்சா?”

தப்பித்தால் போதுமென்று அவர், “போயிடுச்சு” என்றார்.

“அப்ப பீடத்துக்கு வாங்க, ஆண்டவர் சுகம் குடுத்தாருன்னு எல்லார் முன்னாலயும் சாட்சி சொல்லுங்க.”

பீடத்துக்கு நாலு படி. ஒவ்வொரு படிக்கும் அவர் “அப்பா... அப்பா...” என்று முனகியதை, பரலோகப் பிதாவைத்தான் கூப்பிடுகிறார் என்று எண்ணிச் சபை அல்லேலூயா சொன்னது.

அடுத்தவர், வேலை கேட்டு வாராவாரம் சீட்டுப் போட்ட ஒரு டிப்ளமோக்காரர். “எங்கெங்க அப்ளை பண்ணியிருக்கீங்க?” என்று அக்கா கேட்டார். “இன்னும் எங்கயும் பண்ணலைக்கா. ஜெபத்துலதான் வெச்சிருக்கேன்.” மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் அக்கா நின்றார். இன்று அவர் நல்ல வேலையில் இருக்கிறார். ஆனாலும் அக்காவைக் கண்டால் தூணுக்குப் பின்னால் ஒளிகிறார். அவருடைய அடுத்த சீட்டு கல்யாணத்துக்கு.

உத்தனப்பள்ளியில் தக்காளி போட்டிருந்தவர் ஒருமுறை மழை கேட்டார். அதே வாரம், மகளின் கல்யாண வரவேற்பைத் திறந்தவெளியில் வைத்திருந்த ஒருவர் மழையே வேண்டாமென்றார். அக்கா இரண்டு பேரையும் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். “மொதல்ல நீங்க பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அப்புறமா ஆண்டவர்கிட்ட போலாம்.” புதன்கிழமை வரவேற்பு, வியாழக்கிழமை மழை என்று ஒப்பந்தமானது. மழை செவ்வாய்க்கிழமையே கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்தது. இரண்டு பேருக்கும் சந்தோஷம். அக்கா மட்டும் சமாதானமாகாமல் போதகரிடம் போய், “செவ்வாய்க்கிழமைன்னு யாருங்கய்யா கேட்டது?” என்றார்.

ஒருநாள் நானே கேட்டேன். “ஏங்க்கா, ஜெபம் பண்றதோட விட்டுட்டா என்ன?”

“பண்ணிட்டுத் திரும்பிப் பாக்காம போறதா? அது காலிங் பெல்லை அடிச்சிட்டு ஓடிப்போற மாதிரி இல்லீங்களா தம்பி?”

அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்பது மறந்துபோயிற்று. இது மறக்கவில்லை.

வினை கொயர் மாஸ்டர் ரூபத்தில் வந்தது. பாடகர் குழுவை நடத்துகிற அவர், தொண்டைக்கட்டு நீங்க ஜெபிக்கச் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் அக்கா அவரைக் குழுவினர் முன்னாலேயே நிறுத்தி, “ஐஸ்கிரீம் சாப்பிட்டதையும் ஆண்டவர்கிட்ட சொன்னீங்களா மாஸ்டர்?” என்று கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மனிதருக்கு முகம் கறுத்துப் போயிற்று. கமிட்டிக் கூட்டத்தில், “ஜெபம்னா ஜெபத்தோட நிக்கணும், வீட்டுக்குள்ள எல்லாம் வரக் கூடாது” என்று பொரிந்து தள்ளினார். ஜெபக் குறிப்புகளை யாரும் பின்தொடரக் கூடாது என்று தீர்மானமாயிற்று. எழுதியவன் நான். கொஞ்சம் சந்தோஷமாகவே எழுதினேன். என் சர்க்கரை வியாதியைப் பற்றியும் அக்கா இரண்டு முறை விசாரித்திருந்தார். இரண்டு முறையும் என் கையில் ஜாங்கிரி இருந்தது.

அக்கா கேட்டை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். கேட்க ஆளில்லை என்றதும் பெட்டியில் சீட்டுகள் குவிந்தன. ஒருவர் கார் கேட்டிருந்தார். நிறத்தையும் குறிப்பிட்டிருந்தார்.

மூன்றாவது ஞாயிறு ஒரு சீட்டு வந்தது. ‘எனக்காக ஜெபிக்கவும்.’ அவ்வளவுதான். பெயர் இல்லை, விஷயம் இல்லை. உள்ளங்களை அறிகிறவருக்குத் தெரியும் என்று சொல்லிப் போதகர் ஜெபித்து முடித்தார். ஆராதனை முடிந்ததும் அக்கா அந்தச் சீட்டைப் போதகரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, இதைத் திருப்பிப் பாருங்க.”

அது கிழித்த கேட் பாஸ் ஒன்றின் பாதி. கம்பெனியிலிருந்து எதை வெளியே எடுத்துப் போனாலும் காவலாளியிடம் காட்ட வேண்டிய சீட்டு. கம்பெனியின் பெயர் இருந்தது. ஆளின் பெயர் இருந்த பாதியைக் காணோம். நடுவில், ‘சொந்தப் பொருட்கள்: குடை 1, டம்ளர் 1, பைபிள் 1’ என்று எழுதியிருந்தது.

“வேலையில இருக்கறவங்க கேட் பாஸ் போட்டா டம்ளரை வீட்டுக்குக் கொண்டுவருவாங்க?” என்றார் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. யாருக்கோ வேலை போயிருக்கிறது. அந்தக் கம்பெனிக்குப் போகிறவர்கள் எங்கள் சபையில் மூன்று பேர், ஆளுக்கொரு பிரிவில். மூவருமே தினமும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

“தீர்மானம் இருக்குதேக்கா.”

“பின்தொடரக் கூடாதுன்னுதான எழுதினீங்க? நாம முன்னாலயே போய் நின்னுக்கலாம், வாங்க.”

திங்கள் காலை கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, டீக்கடையில் போய் நின்றோம். பஸ் வந்தது. இரண்டு பேர் ஏறினார்கள். மூன்றாமவர் யூனிஃபார்மும் டிபன் பையுமாக நின்று, பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்தே இருந்து பஸ்ஸைப் போகவிட்டார். பிறகு மெதுவாக நடந்து ஏரிக்கரைப் பூங்காவில் போய் உட்கார்ந்தார். கொயர் மாஸ்டர்.

அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சற்றுத் தள்ளி நின்றேன். மாஸ்டர் எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஜெபிக்கத்தானக்கா கேட்டேன். கண்டுபிடிக்கச் சொல்லலியே.”

அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் ஐந்து நிமிடம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“ரெண்டு மாசம் ஆச்சுக்கா. நான் இருந்த லைனையே மூடிட்டாங்க. வீட்டுல எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தொண்டைக்கு ஒண்ணுமே இல்லக்கா. பாட வரல, அவ்ளோதான்.”

“ஐஸ்கிரீம்னு நான் கேட்டது தப்புங்க மாஸ்டர்” என்றார் அக்கா. பிறகு எழுந்து நின்றார். “வாங்க, வீட்டுக்குப் போலாம். நாங்க கூட வர்றோம். ஆனா சொல்றது நீங்கதான் சொல்லணும்.”

அவர் மனைவி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, கையிலிருந்த சட்டையோடு அப்படியே நின்றார். “எனக்கு வேலை...” என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

“தெரியுங்க” என்றார் அந்த அம்மா. “கிரீஸ் கறை இல்லாத சட்டையை ரெண்டு மாசமா நான்தான தொவைக்கறேன்? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்.”

கணவர் கையிலிருந்த டிபன் பையை வாங்கிக்கொண்டார். இரண்டு மாதமும் தெரிந்தே கட்டிக் கொடுத்த டிபன். “உள்ள வாங்க. சூடாவே சாப்பிடலாம்” என்றார். மாஸ்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார்.

அக்காவும் நானும் சத்தம் போடாமல் திரும்பி நடந்தோம். தெருமுனை தாண்டியதும் அக்கா, “ஒரு கேள்வி கேக்காம கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க தம்பி” என்றார். குரலில் லேசாகப் பொறாமை இருந்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானத்தை ரத்து செய்ய முன்மொழிந்தவர் கொயர் மாஸ்டர்தான். இப்போது காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் வேலைக்குப் போகிறார். ஞாயிறு தவறாமல் வந்து பாடுகிறார். இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, “பேரைப் போடாம எழுதுங்க” என்றார். அக்கா மறுபடி கேட்டில் நிற்கிறார். நாங்கள் மறுபடி பக்கத்து வாசல் வழியாக நுழைகிறோம்.

போன ஞாயிறு அக்கா வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். யாரும் யாரையும் மறிக்காமல் சபை சீக்கிரமே கலைந்தது. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பினார்கள். நான் வண்டியை அக்கா வீட்டுப் பக்கம் திருப்பினேன்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தவர், “என்னங்க தம்பி, ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லக்கா. சும்மாதான்” என்றேன்.

அவர் நம்பவில்லை. உள்ளே வரச் சொன்னார். மத்தியானம் வரைக்கும் இருந்துவிட்டுத்தான் வந்தேன்.