தேவை இல்லாதவர்களின் அலுவலகம்

விழுப்புரத்தில் ஒரு ஆபீஸ் இருக்கிறது. பேர் பல்துறை ஒருங்கிணைப்பு அலுவலகம். எந்தெந்தத் துறையை ஒருங்கிணைக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீங்க. மழை வந்தால் வெளியே நிற்கிற வண்டிகளையெல்லாம் வராண்டாவில் ஏற்றி ஒருங்கிணைப்பதை மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதற்கு அதிகாரி விருத்தாசலம். நல்ல மனுஷன், அவரே சொல்லுவார். சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த பயிற்சிக்குப் போய் வந்தார். போகும்போது வெறுங்கையோடு போனவர், வரும்போது ஒரு பை, ஒரு தண்ணி பாட்டில், ஒரு புதுக் கொள்கை, மூன்றையும் கொண்டுவந்தார். கொள்கையின் பேர் 'மனம் திறக்கும் செவ்வாய்'. செவ்வாய்க்கிழமை தோறும் ஊழியர்கள் வட்டமாக உட்கார்ந்து ஆபீசில் உள்ள குறையை அஞ்சாமல் எடுத்துரைக்க வேண்டும். வட்டத்தில் பெரியவன் சின்னவன் கிடையாதாம். அதிகாரிக்கு மட்டும் சுழல் நாற்காலி, முதுகுவலி பாருங்க.

"சொல்லுங்க. நான் இப்ப உங்க அதிகாரி இல்ல, உங்க தோழன்" என்றார்.

தோழன் என்றதும் எல்லாரும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். சங்கச் செயலாளர் மாரியப்பன் எழுந்தார்.

"ஒரே ஒரு குறைதாங்க. ஐயா உடம்பப் பாத்துக்கறதே இல்ல."

கண்காணிப்பாளர் கிருஷ்ணவேணி அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஐயா லீவு போட்டு நான் பாத்ததே இல்லீங்க. அது ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டமா கீது."

அடுத்தது கலைப்பிரியா. கெடாரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பெண். கைக்குழந்தைக்காரி, பிரசவ லீவு முடிந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மனம் திற என்றால் திறக்கச் சொல்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்ட அப்பாவி.

"சார், லேடீஸ் டாய்லெட் பூட்டியே கெடக்குது. நாங்கல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வந்துக்கினு இருக்கோம். சாவி குடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்."

மாரியப்பன் சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

அந்தக் கழிப்பறை காரணம் இல்லாமல் பூட்டிக் கிடக்கவில்லை. மேலதிகாரி ஆய்வுக்கு வந்தால் காட்டுவதற்கு அது சுத்தமாக இருக்க வேண்டும். யாராவது போனால் அழுக்காகும். யாரும் போகாததால் 'தூய்மைக் கழிப்பறை' என்று கேடயமே வாங்கியது. அந்தக் கேடயமும் உள்ளேதான் இருக்கிறது. சாவி விருத்தாசலத்தின் இடுப்பில்.

"அருமை! இப்படித்தான் மனம் திறக்கணும்" என்று அவர் கைதட்டினார். எல்லாரும் தட்டினார்கள்.

மறுநாள் காலையில் கலைப்பிரியா மேஜையில் மெமோ இருந்தது. 'அலுவலக நேரத்தில் முன் அனுமதி இன்றிப் பணியிடத்தை விட்டு வெளியேறிப் பேருந்து நிலையம் சென்று வருவதைத் தாங்களே பலர் முன்னிலையில் ஒப்புக்கொண்டுள்ளமையால், தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

அவள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், நீங்கதான குறை சொல்லச் சொன்னீங்க?"

"ஆபீஸ் குறையச் சொல்லச் சொன்னேன்மா. நீ உன் குறையச் சொல்லிட்ட. பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். சாவி இல்லாததுனால போறோம் சார்."

"சாவி இதோ இருக்குதே. இல்லேன்னு எப்படிச் சொல்ற? பொய்த் தகவல். ரெண்டாவது குற்றச்சாட்டா சேத்துக்கிறேன்."

"அப்ப நேத்து கைதட்டினீங்களே சார்?"

"அது தோழன் தட்டினது. இது அதிகாரி எழுதறது."

விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரியும் விருத்தாசலமே. "மனசு நொந்தவன் நான். என் நோவு வேற ஆளுக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஞாயம்தானே என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

மாரியப்பன் படிக்கட்டில் கலைப்பிரியாவை மடக்கினார். "பயப்படாதம்மா. சங்கம் உன் பின்னாடி நிக்குது."

"கொஞ்சம் முன்னாடி வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேண்ணே."

"சொல்லலாம். லேடீஸ் மேட்டராப் போயிட்டுதே! நான் பேசினா பேஜாராயிடும்."

முதல் சாட்சி கிருஷ்ணவேணி அம்மா. தினமும் கலைப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ரோடு தாண்டுகிறவர் அவர்தான்.

"நீங்களும் பஸ் ஸ்டாண்டுக்குப் போறதா இந்தப் பொண்ணு சொல்லுது. வாஸ்தவமா?"

அம்மா கலைப்பிரியாவைப் பார்த்தார். பிறகு அதிகாரியின் பேனாவைப் பார்த்தார். ரிட்டயர்மெண்ட் கிட்டத்தில் இருக்கிறது.

"எனக்கு அந்தத் தேவையே இல்லீங்க சார்."

"இன்னைக்கா?"

"சர்வீஸ்ல சேந்ததுல இருந்தே இல்லீங்க."

பின்னால் வந்த பெண்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். ஒருத்தி மட்டும், தனக்கு முன்பு அந்தத் தேவை இருந்ததாகவும், ஐயா பொறுப்பேற்ற பிறகு அது தானாக நின்றுவிட்டதாகவும் சொன்னாள். விசாரணை நீண்டுபோனதால், கையெழுத்துப் போட்ட கையோடு எல்லாரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினார்கள்.

'நிர்வாக நலன் கருதி' கலைப்பிரியாவைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள். கெடாரிலிருந்து விழுப்புரம் வந்து, அங்கே பஸ் மாறி, அதற்கப்புறம் திண்டிவனம். குழந்தை கண் விழிக்கும் முன்னே கிளம்பினால், அது தூங்கின பிறகுதான் வீடு.

மாமியார் வீரம்மாள் சொன்னாள்: "வேலைய உட்டுட்டு வாடி. நம்ம கொல்லையில மல்லாட்டைப் பயிர் போட்டுப் பொழைக்க மாட்டமா?"

"உட்டா அவரு சொன்னது நெசமாயிடும் அத்தே."

மாற்றல் என்றால் பிரிவு உபசாரம் உண்டு. தண்டனை மாற்றலானாலும் அந்த மரியாதை குறையாது. விருத்தாசலமே பொன்னாடை போர்த்தினார். "மனசுல பட்டதப் பட்டுனு சொல்ற இந்த மாதிரி நேர்மையான பொண்ணு இனிமே நமக்குக் கெடைக்காது. திண்டிவனம் குடுத்து வச்சிருக்குது" என்றார். மிக்சர் கொடுத்தார்கள்.

கலைப்பிரியா மேல்முறையீடு செய்தாள். மேலதிகாரி நியாயவான். ஆளைப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று ஃபைலை மட்டுமே பார்ப்பார். பார்த்து ஆணையிட்டார்:

'விழுப்புரம் அலுவலகப் பெண் ஊழியர் எவருக்கும் தேவை இல்லை என்பது அவர்தம் வாக்குமூலங்களாலேயே ஐயமற நிரூபணமாவதால், அங்குள்ள மகளிர் கழிப்பறை உபரி என அறிவிக்கப்பட்டுச் செங்கல் வைத்து அடைக்கப்படுகிறது. தேவை உள்ளவராக அறியப்படும் ஒரே ஊழியர் திண்டிவனத்தில் பணிபுரிவதால் அங்கே புதிதாக ஒன்று கட்டப்படும். அவருக்காகக் கட்டப்படுவதால், அவர் அங்கேயே பணிபுரிதல் இன்றியமையாததாகிறது. சாவி அவர் பொறுப்பு. சாட்சிகளில் ஒருவரேனும் மாற்றிக் கூறினால் இவ்வாணை மறுபரிசீலனை செய்யப்படும்.'

கட்டினார்கள். விழுப்புரத்தில் அடைத்தார்கள். பெண்களின் தேவையை முற்றிலும் ஒழித்த அதிகாரி என்று விருத்தாசலத்தின் புகழ் பரவியது. 'மனம் திறப்பது எப்படி' என்று இரண்டு ஆபீசுக்கும் சேர்த்துப் பாடம் நடத்த அவரைத் திண்டிவனத்துக்கே கூப்பிட்டார்கள். விழுப்புரம் ஆபீஸ் மொத்தமும் வந்து இறங்கியது. வெயிலுக்கு இதமாக ஆளுக்கு ரெண்டு டம்ளர் நீர்மோர் கொடுத்தார்கள்.

பாடம் பாதியில் இருக்கும்போது கிருஷ்ணவேணி அம்மா நெளிந்துகொண்டு வெளியே வந்தார்.

"கலை, நல்லா கீறியாம்மா? கொழந்தை எப்படி கீது?"

"நல்லாத் தூங்குதுக்கா. தூங்கறப்பதான் பாக்கறேன்."

"அந்தச் சாவி... ஜல்தியா குடும்மா."

"எதுக்குக்கா?"

"அட, தெரியாத மாதிரி கேக்கறியே!"

கலைப்பிரியா சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "தெரியும்க்கா. உள்ள மைக்கு இருக்குது. எனக்கும் தேவை உண்டுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. ஆர்டர மாத்திடுவாங்க. சாவி உங்களுக்கு, கெடார் எனக்கு."

அம்மா கதவு வழியே எட்டிப் பார்த்தார். விருத்தாசலம் மைக்கை நீட்டியபடி, "யாராவது மனம் திறக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"எனக்கென்னம்மா தேவை. சும்மாத்தான் கேட்டேன்."

சொல்லிவிட்டு விறுவிறு என்று ரோட்டுக்குப் போய், பஸ் ஸ்டாண்டு போகிற ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். அதில், பாடத்திலிருந்து அவருக்கு முன்பே நழுவியிருந்த விழுப்புரம் ஆபீஸ் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எங்கே போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.