நூல் அக்காவின் கோபப் புருவங்கள்

பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஒரு வருடம் முழுக்கத் தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் கோபமாகவே திரிந்தார்கள். அதற்கு வாடகையும் காரணமில்லை, வானிலையும் காரணமில்லை. நூல் அக்கா ஒருவர்தான் காரணம்.

அவருடைய உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. சுரங்க ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறினால், மளிகைக் கடைக்கும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த அழகு நிலையம் அவருடையது. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் லட்சுமி படம், லட்சுமிக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஒலிபெருக்கிகள். கல்யாண மண்டபத்தில் வைக்கும் அளவு. பூஜை அறையில் லாரி ஹாரன் பொருத்தியது போல இருக்கும்.

நூல் போட்டுப் புருவம் திருத்திக்கொண்டவர்களுக்கு விஷயம் தெரியும். நூலின் ஒரு முனை செய்பவரின் பல்லில் இருக்கும். மற்றது அவர் கைகளில் முறுக்கி நிற்கும். சாய்ந்திருப்பவர் தன் இரண்டு கைகளாலும் இமையை மேலும் கீழுமாக இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடியை விட்டால் தோல் கிழியும். ஆக, எழுந்து போக முடியாது, கண்ணைத் திறக்க முடியாது, முக்கியமாக, காதைப் பொத்த முடியாது. புதிய இசையை அறிமுகப்படுத்த இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு உலகத்தில் கிடையாது. அதைக் கண்டுபிடித்தவர் நூல் அக்கா.

அவர் அறிமுகப்படுத்தியது ஓர் ஆஸ்திரேலியப் பங்க் குழுவை. நான்கு பேர். மெல்பர்ன் புறநகரில் கார் நிறுத்தும் கொட்டகையில் தாங்களே பதிவு செய்து, தாங்களே உறை மடித்து, தாங்களே தபாலில் சேர்ப்பவர்கள். பின்னால் எந்த நிறுவனமும் இல்லை. பாடகிக்குப் பகலில் மீன் கடையில் வேலை. குழுவின் பெயர் ஒரு கெட்ட வார்த்தை, இந்தப் பத்திரிகை அச்சிடாது. அக்காவுக்கு அந்தச் சங்கடமே இல்லை. அவர் "எங்கட பிள்ளையள்" என்றுதான் சொல்வார்.

பாட்டு ஒவ்வொன்றும் நூடுல்ஸ் வேகும் முன் முடிந்துவிடும். காதல் என்ற பேச்சே கிடையாது. ஒன்று, சுடுதண்ணீர்க் கருவியைப் பழுதுபார்க்காத வீட்டுக்காரரைப் பற்றியது. இன்னொன்று, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூப்பிடும் முதலாளியைப் பற்றியது. மற்றொன்று பேருந்துக்குக் காத்திருப்பதைப் பற்றியது. கடைசி வரை பேருந்து வராது. பாடகி பாடுவதில்லை. பக்கத்து வீட்டோடு சண்டை போடுகிறார், ஆனால் தாளம் தப்பாமல்.

அக்காவிடம் இதற்கு அளவு இருந்தது. மேலுதடு மட்டும் என்று வந்தால் ஒரு பாட்டு. புருவம் என்றால் வீட்டுக்காரர், முதலாளி இரண்டும். முழு முகம் என்றால் முழு ஆல்பம். கல்யாணப் பெண் என்றால் ஆல்பத்தோடு விளக்கவுரையும் உண்டு.

வில்லங்கம் என்னவென்றால், பாட்டின் வேகத்துக்குத்தான் அக்காவின் நூல் ஓடும். கோரஸ் வந்ததும் கை தன்னால் மேலே ஏறும். புருவத்தின் வெளி ஓரம் ஒரு குதி குதிக்கும். அவர் நாற்காலியிலிருந்து எழுந்த ஒவ்வொருத்தியும் யாரையோ அறையப் போகிறவள் போலத்தான் வெளியே வந்தாள். ராணி மாமியின் மகளுடைய கல்யாண ஆல்பத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு படத்தில்கூட மாப்பிள்ளை நிம்மதியாக நிற்கவில்லை.

மாமி சண்டைக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"எடி, இதென்ன பாட்டு? கிரைண்டருக்கை கரண்டி விழுந்த மாதிரிக் கிடக்கு! பிள்ளையின்ர முகத்தையும் கெடுத்துப் போட்டாய்."

"முகம் கெடேல்லை, மாமி. இனி மாமியார்க்காரி கவனமா இருப்பா."

மாமி கண்ணாடியில் தன் புருவத்தைப் பார்த்தார். "அது ஓம்தான்," என்று சொல்லி, தானும் நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

நான் கோவைக்காரி. மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லை. முதல் தடவை போனபோது மறுநாள் முக்கியமான கூட்டம் இருந்தது.

"அக்கா, நாளைக்கு மீட்டிங் இருக்கு. ப்ளீஸ், கொஞ்சம் ஸ்லோவா ஏதாவது சாங் போடுங்க."

"ஸ்லோவோ? அவையிட்ட ஸ்லோ எண்டு ஒண்டுமில்லை. இமையை இழுத்துப் பிடியும்."

"சவுண்டையாவது குறைக்கலாமே."

"பிள்ளை, உமக்கு உள்ளுக்கை எவ்வளவு கோவம் கிடக்கெண்டு உமக்கே தெரியாது. உம்மட புருவ மயிர் சொல்லுது. பாரும், எப்பிடி விறைச்சுக்கொண்டு நிக்குது!"

அதன் பிறகு நூல் பல்லுக்குப் போய்விட்டது. பல்லைக் கடித்தபடியே வீட்டுக்காரர் பாட்டைக் கூடவே பாடினார். பல்லைக் கடித்துக்கொண்டு பாடுவதற்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு இருக்க முடியாது.

மறுநாள் கூட்டத்தில் என் மேலாளர், வழக்கம்போல, நான் கண்டுபிடித்த பிழைகளைத் தான் கண்டுபிடித்ததாக எல்லோருக்கும் விளக்கினார். நடுவில் திரையில் என் முகத்தைப் பார்த்துத் தடுமாறினார். "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. "ஒன்றுமில்லை" என்றேன். அன்று முழுக்க எனக்கு என் மேலாளர்மீது வந்த கோபத்தைவிட, அந்தப் பதில்மீது வந்த கோபம் அதிகம். அதைவிட அதிகம், அக்கா சொன்னது சரியாகிவிட்டதே என்பதில்.

அந்தக் குழுவை அவர் பிடித்த கதையும் ஒரு சண்டைதான். அழகு நிலையம் திறப்பதற்கு முன், அதே தெருவில் நிலவறையில் நடக்கும் இசைக்கூடம் ஒன்றில் காலை நேரத் துப்புரவு வேலை பார்த்தார். ஒரு காலையில் போனால், முதல் நாள் வாசித்த நான்கு பேரும் தங்க இடமில்லாமல் மேடையிலேயே தூங்குகிறார்கள். மேடை முழுக்கச் சூயிங்கம். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு யாழ்ப்பாணத் தமிழில் ஆரம்பித்திருக்கிறார். பாடகி எழுந்து உட்கார்ந்து, கண்ணிமைக்காமல் கேட்டுவிட்டு, 'ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் இந்தப் பயணத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த பாடல் இது' என்றாராம். பிறகு துடைப்பானைத் தான் வாங்கித் துடைத்தாராம்.

"முப்பது வருசம் இந்த நாட்டில இருக்கிறன். நான் கத்தினதை நல்லாயிருக்கு எண்டு சொன்னது அவள் ஒருத்திதான்," என்பார் அக்கா.

அந்தக் குழு மறுபடி ஜெர்மனி வருவதாகச் செய்தி வந்தது. அதே நிலவறை. அக்கா சந்தோஷத்தில் கடையையே இரண்டாக்கினார். ஆனால் இசைக்கூடத்தின் சொந்தக்காரரான தாடிக்காரர் சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன் நேரில் வந்து, டிக்கெட் எடுத்தவர்கள் ஒரு மேசைக்குக்கூடத் தேற மாட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள் ஆள் சேராவிட்டால் நிகழ்ச்சி ரத்து என்று சொல்லிவிட்டுப் போனார். பேர்லின் இல்லையென்றால் மற்ற ஊர்களுக்குப் போக வண்டிச் செலவு கட்டாது. குழு ஆஸ்திரேலியாவை விட்டே கிளம்பாது.

அக்கா அன்று பாட்டுப் போடவில்லை. லட்சுமியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் ஒரு முடிவோடு வந்தார்.

கோயில் தேருக்கு இரண்டு வாரம் இருந்தது. நொய்கெல்னில் புருவம் திருத்தாமல் தேருக்குப் போகிறவர்கள் கிடையாது. அக்கா எல்லோருக்கும் ஒரு பக்கத்தை முடிப்பார். பிறகு நூலைப் பல்லிலிருந்து எடுப்பார்.

"சனிக்கிழமை வருவீரோ, மாட்டீரோ?"

"அக்கா, இதென்ன அநியாயம்! மத்தப் பக்கம்?"

"அது உம்மட கையில கிடக்கு."

என்னிடமும் இதையே செய்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து, ஒற்றைப் புருவத்தோடு சுரங்க ரயில் வரை நடந்தேன். எதிரில் வந்தவர்கள் இரண்டு விதமாகப் பார்த்தார்கள்: இடது பக்கமாக வந்தவர்கள் ஒதுங்கினார்கள், வலது பக்கமாக வந்தவர்கள் வழி கேட்டார்கள். திரும்பிப் போய் டிக்கெட் எடுத்தேன். வெள்ளிக்கிழமை தாடிக்காரர் மலைத்துப்போனார். நிலவறை நிரம்பிவிட்டது.

சனிக்கிழமை மாலை ஆறு மணி. நம்மவர்கள் நிகழ்ச்சி என்றால் எப்படி வருவார்களோ அப்படி வந்தார்கள். பட்டுச் சேலை, பூ, மட்டன் ரோல்ஸ் நிரம்பிய அலுமினியத் தட்டுகள். பங்க் இசையை நின்றுகொண்டுதான் கேட்பார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டார்கள். கோயில் மண்டபத்திலிருந்து நாற்காலிகள் வந்து மேடையின் முன் வரிசையாக அமர்ந்தன. வழக்கமாக வரும் ஜெர்மன் இளைஞர்கள் பின்னால் சுவரோரம் நசுங்கி நின்றார்கள். அக்கா வரவேற்புரை நிகழ்த்தினார். அந்த உரை குழுவின் முழு ஆல்பத்தைவிட நீளம்.

பிறகு குழு வாசித்தது. அங்கேதான் பிழை.

நம்மவர்கள் கச்சேரி கேட்பது போலக் கேட்டார்கள். முதுகு நிமிர்த்தி, கை கட்டி, ஆடாமல், முடிவில் தட்டலாம் என்று காத்துக்கொண்டு. மேடையிலிருந்து பார்த்தால் தெரிந்தது வேறு. வரிசை வரிசையாகப் பட்டுச் சேலைகள், அவற்றுக்கு மேல் வரிசை வரிசையாகக் கொலைவெறிப் புருவங்கள். மூன்றாவது பாட்டில் பாடகியின் குரல் தேய்ந்தது. நான்காவதைத் தொடங்கி நிறுத்தினார். 'உங்களை நாங்கள் புண்படுத்திவிட்டோம் போலிருக்கிறது, மன்னியுங்கள்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கிட்டாரைக் கழற்றத் தொடங்கினார்.

மேடையோரம் அக்கா நின்றார். நூல் இல்லாமலே அவர் கைகள் நூலை முறுக்குவது போல முறுக்கிக்கொண்டிருந்தன.

அவரால்தான் பிழை, அவருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது, பிழை கண்டுபிடிப்பதுதானே என் வேலை. ஒலிவாங்கி அருகே போய், நிதானமாக, இது புருவம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று விளக்குவதாகத்தான் திட்டம். போகும் வழியில் பின்வரிசை இளைஞன் ஒருவன் மாமிகளைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவ்வளவுதான்.

"ஒண்ணு!" என்று கத்தினேன். என் குரல் அது என்று எனக்கே தெரியவில்லை. "சிரிக்காதே! போனைக் கீழ வை!"

ட்ரம்ஸ் வாசிக்கும் பெண் என்ன நினைத்தாளோ, ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"ரெண்டு! நான் கண்டுபிடிச்ச பிழையை நீ கண்டுபிடிச்சதா சொல்லாதே!"

மறுபடி அடி.

"மூணு! நாலு வருஷமா என் பேரைச் சரியா சொல்லத் தெரியல உனக்கு!"

என்னிடம் பட்டியல் தயாராக இருந்தது. அது எப்போதிலிருந்து தயாராக இருந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஏழாவதில் மூச்சு வாங்கியபோது ராணி மாமி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பிள்ளை, விடாதை! எட்டு! ஆறு மாசமா ஒஃபிசில சந்திக்க டெர்மின் தாறாங்களில்லை!"

"சுடுதண்ணி!" என்றது இரண்டாம் வரிசை.

"வீட்டுக்காரன்!" என்றது மூன்றாம் வரிசை. கிட்டார் வந்து சேர்ந்துகொண்டது. பாடகி சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் வீட்டுக்காரர் பாட்டைப் பிடித்தார். அதன் வரிகள் அத்தனை பெண்களுக்கும் மனப்பாடம். நூலுக்குக் கீழே படுத்துக்கொண்டு கற்றதாயிற்றே. நாற்காலிகள் சரிந்தன. கைப்பேசி இளைஞன் ரோல்ஸ் தட்டைத் தலைக்கு மேலே பிடித்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். முடிவில் அக்கா மேடையேறி, வியர்வையில் நனைந்த நான்கு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார். இறங்கி வரும்போது என் பக்கத்தில் நின்றார்.

"நான் சொன்னனான்," என்றார்.

இன்னும் கேட்காதவர்கள் வீட்டுக்காரர் பாட்டில் தொடங்குங்கள். இரண்டு கைகளாலும் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டால் நல்லது.

அழகு நிலையம் இப்போது இல்லை. கட்டடத்தை வாங்கிய புதிய சொந்தக்காரர் அக்காவை வெளியேற்றிவிட்டார். அந்த ஆளைப் பற்றி இன்னும் யாரும் பாட்டு எழுதவில்லை என்பது எனக்குத் தீராத கோபம். அக்கா ஹம் நகரத்துக்குப் போய்விட்டார். அதே இடத்தில் வேறொரு அழகு நிலையம் வந்திருக்கிறது. உள்ளே புல்லாங்குழல் ஒலிக்கிறது. இரண்டு புருவமும் அளவெடுத்தது போலச் சமமாக வருகின்றன என்கிறார்கள்.

எனக்குத் தெரியாது. நான் ஹம்முக்கு ரயில் ஏறுகிறேன். ஒரு பக்கம் முடிந்ததும் அக்கா இப்போதும் நூலைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டு, "இனி எப்ப வருவீர்?" என்று கேட்கிறார். நான் பதில் சொன்ன பிறகுதான் மற்றப் பக்கம்.