சீரியல்செட் அண்ணாச்சியின் தூக்கக் கட்டில்

சங்கரன்கோவிலில் தூக்கத்தை மிக அதிகமாகக் கெடுத்த மனிதர் யார் என்று கேட்டால், எங்கள் தெருவில் கைக்குழந்தைகூட சீரியல்செட் அண்ணாச்சி வீட்டுப் பக்கம் கையை நீட்டும். பாவம், அவர் கெடுத்ததெல்லாம் ஊரைத் தூங்கவைக்கும் முயற்சியில்தான்.

கல்யாணமோ கோயில் கொடையோ, மைக்செட்டும் சீரியல் பல்பும் அவருடையதுதான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஒரு தபசுத் திருவிழாவுக்கு அலங்கார வளைவில் பல்பு கட்டும்போது மேலிருந்து விழுந்தார். எலும்பு சேர்ந்தது, இடுப்பு வலி நின்றுவிட்டது, அதாவது போகாமல் அங்கேயே நின்றுவிட்டது. வலியில் தூக்கமில்லை, தூங்காததால் மறுநாள் வலி கூடியது. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. அந்தச் சமயத்தில்தான், ஒலியும் ஒளியும் கொடுத்து வலியைத் தணிக்கலாம், தூக்கம் வரவைக்கலாம் என்று செல்போனில் யாரோ பேசியதைக் கேட்டார்.

"சத்தமும் வெளிச்சமுந்தானலே மருந்து? அது நம்ம குடோன் நெறையக் கெடக்கே!"

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். மாத்திரை அட்டை முதல் கரண்ட் பில் வரை தெருவுக்கே நான்தான் வாசித்துச் சொல்வேன். இதையும் தேடி வாசித்தேன்.

"சிலருக்குக் கொஞ்சம் கேக்கலாம்னு போட்டிருக்கு அண்ணாச்சி. மெதுவான சத்தம், மங்கலான வெளிச்சம்..."

"கொஞ்சம் கொடுத்தா கொஞ்சம் கேக்கும். நெறைய கொடுத்துப் பாப்போம்ல!"

கட்டிலைச் சுற்றி சீரியல் பல்பு ஓடியது. கட்டிலுக்கு அடியில் பேஸ் பாக்ஸ். மத்தியானம் அவர் சுவிட்சைப் போட்டால் பக்கத்து வீடான எங்கள் வீட்டு டம்ளர்கள் தாமாக நடந்தன. கல்யாண வீடு தேடி மேலநீலிதநல்லூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், பல்பைப் பார்த்து நேரே உள்ளே போய்க் கையைக் கழுவிவிட்டு, "பந்தி எங்கன வே?" என்றார்.

"பந்தி இல்ல பெரியவரே. வலிக்கு வைத்தியம்."

"ஐயையோ, மாப்பிள்ளைக்கா?"

அண்ணாச்சிக்கே கேட்காத இந்த வைத்தியத்துக்கு அடுத்து சிக்கியவர் என் அப்பா. ஆயுசு முழுக்க விசைத்தறியில் நின்றவர். தோள்பட்டையும் காலும் போய் வேலையை விட்ட பிறகு தூக்கமும் போய்விட்டது. வலி மாத்திரை இனி கிட்னிக்கு ஆகாது என்று டாக்டரும் கைவிரித்துவிட்டார். பகலெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அம்மாவிடம், "இப்படி முழிச்சுக் கெடக்கதுக்குப் போய்ச் சேந்துரலாம்ட்டி" என்றார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் ஒரு பாக்ஸையும் பல்பையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். முதலில் மழைச் சத்தம். அப்பா எழுந்து, கூரை எங்கே ஒழுகுகிறது என்று தேடினார். அடுத்து ஓடைச் சத்தம். "குழாய்ல தண்ணி வந்துட்டு!" என்று அம்மா குடத்தோடு தெருவுக்கு ஓட, பின்னாலேயே தெருப் பெண்கள் மொத்தமும் ஓடினார்கள். வெறுங்குடத்தோடு திரும்பியவர்கள் அண்ணாச்சியைத் திட்டியதை அச்சில் ஏற்ற முடியாது. பச்சை வெளிச்சம் போட்டதற்கு அப்பா, "மீன் தொட்டிக்குள்ள போட்ட மாதிரி இருக்கு வே, அணையும்" என்றார்.

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "இத்தன வருசம் எந்தச் சத்தத்துல வே தூங்குனீரு?"

"தறிச் சத்தத்துலதான். ஷிப்ட் முடிஞ்சா அங்கனயே ஒரு ஓரமாச் சாஞ்சிருவேன்."

மறுநாள் அண்ணாச்சி ஒரு தறிக்கூடத்துக்குப் போய், கல்யாண வீட்டு மைக்கைத் தறிக்கு நேராக நீட்டி, சத்தத்தைப் பிடித்து வந்தார். டடக், டடக், டடக். அதற்கு ஏற்ப ஒரேயொரு மஞ்சள் பல்பு மங்கி எரிந்தது.

"கூட்டும் வே... இன்னும் கூட்டும்" என்றார் அப்பா. மூன்றாவது தடவை சொல்ல வாயைத் திறந்தவர், திறந்தபடியே தூங்கிப்போனார். பயந்துபோய் அம்மா மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள்.

எழுந்ததும் வலியைப் பற்றிக் கேட்டேன். "வலி அங்கனயேதான் இருக்கு. நாந்தான் கொஞ்ச நேரம் இங்கன இல்ல."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வாசலில் என்னிடம் மட்டும் கேட்டார்: "எனக்கு எந்தச் சத்தம்ல? ஒண்ணையும் விடலியே."

உண்மையிலேயே விடவில்லை. ராஜபாளையம் பஸ் உறுமுவதையும், ஆட்டு மந்தை கத்துவதையும், கோயில் மணியையும் போட்டுப் பார்த்தார். கண் மட்டும் சிவந்தே இருந்தது.

போன மாதம் ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. கட்டிலைச் சுற்றிப் பல்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் சாவு விழுந்த துட்டி வீட்டு வாசலில் எல்லாம் டியூப்லைட் கட்டியவர் அவர். அவர் வாசலுக்கு நான்தான் கட்டினேன், கோணலாக.

மத்தியானம் அப்பாவால் துட்டி வீட்டில் உட்கார முடியவில்லை. கூட்டிவந்து படுக்கவைத்து, வழக்கம்போலத் தறிச் சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். அப்பா பக்கத்து வீட்டுச் சுவரையே பார்த்தார்.

"சத்தத்தக் கொறைல மக்கா. அவன் இப்பந்தான் தூங்குதான்."