பதினேழு பேரும் காதைச் சொறிந்தார்கள்

இடது காது அரித்தது. பல்செட்டுக்காரர் சொறிந்துகொண்டார். அவருக்குப் பின்னால் இருந்த பதினேழு பேரும் இடது காதைச் சொறிந்தார்கள்.

இதை அவர் முன்பக்க ஜன்னல் கண்ணாடியில் பார்த்தார். வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அந்த ஆவிக்குள் பதினேழு மங்கலான கைகள் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே இறங்கின.

தற்செயல் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, வலது முழங்காலை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் பதினேழு முழங்கால்கள் இரண்டு தட்டு வாங்கின.

நாற்பது டிகிரி சூட்டில் அவருக்கு முதுகு சில்லிட்டது.

அவர் அங்கே வந்து அன்றோடு ஒன்பது நாள். வந்ததற்குக் காரணம் கழுத்து. இருபத்திரண்டு வருஷமாக ஒரு மேசையின் மேல் குனிந்து, ரோஸ் மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ராவி, மெருகேற்றிப் பல்செட் செய்கிறவர் அவர். ஒருநாள் காலையில் கழுத்து இடது பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. அப்புறம் வலது பக்கமும். யாராவது பக்கத்திலிருந்து கூப்பிட்டால், சந்தில் மாட்டிக்கொண்ட லாரி மாதிரி உடம்பு மொத்தத்தையும் திருப்ப வேண்டியிருந்தது.

அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். "ரெண்டு பக்கமும் கண்ணாடி இல்லாத வண்டி மாதிரி இருக்கீங்க. ரோட்டுல விடவே பயமா இருக்கு" என்று சொல்லி, எங்கிருந்தோ ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தாள்.

'மௌன வெப்ப யோகா. தினமும் காலை ஆறு மணி. கதவு திறந்தே இருக்கும். பேசத் தேவையில்லை. பார்த்துச் செய்தால் போதும்.'

"நீச்சல் நாலு நாள் போனீங்க. நடை ஆறு நாள். அந்த சைக்கிள்ல ஒரு நாள்கூட ஏறல. இதையும் ஒரு வாரத்துல விட்டுடுவீங்க."

"விடமாட்டேன்."

"ஒரு மாசம் போயிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்" என்றாள், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்த மாணவனிடம் பேசுகிற குரலில்.

முதல் நாள் நோட்டீஸில் இருந்த கட்டடத்தைக் கண்டுபிடித்து, நடைபாதையின் கோடியில் இருந்த கதவைத் தள்ளினார். சூடு முகத்தில் அறைந்தது. சுவர் ஓரமாகத் தடித்த குழாய்கள் ஓடின. கூரையின் கீழே வரிசையாக இரும்புக் கம்பிகள், அவற்றில் கொக்கிகள். நன்றாகத் தேறியவர்கள் அதில் தொங்குவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, தான் அவ்வளவு தூரம் தேற வேண்டாம் என்றும் முடிவு செய்துகொண்டார். அறை முழுக்க சோப்பு வாசனை. இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்களே என்று மதிப்புக்கூட வந்தது. கதவருகே தொங்கிய நோட்டில் எல்லாரும் நேரம் போட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள். அவரும் எழுதினார். பல்செட் செய்கிற லேபில் விலாசம் இல்லாமல் எதையும் எழுதிப் பழக்கமில்லாததால் விலாசத்தையும் சேர்த்து எழுதினார்.

தரையில் பாய்கள். பாய்களின் மேல் ஆட்கள். யாரும் பேசவில்லை.

சரியாக ஆறு மணிக்கு எங்கிருந்தோ ஒரு மணி ஒலித்தது. எல்லாரும் எழுந்தார்கள். மணி அடித்த ஆளை அவர் உடம்பைச் சுற்றிச் சுற்றித் தேடினார். ஆளும் இல்லை, மணியும் இல்லை. தலைக்கு மேலே மட்டும் மெல்ல யாரோ நடக்கும் சத்தம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் நின்றது.

பக்கத்துப் பாயில் கழுத்தில் அளவு டேப்போடு இருந்த ஒரு தையல்கார அம்மாளிடம் குனிந்து, "இங்க டீச்சர் யாருங்க?" என்றார்.

அந்த அம்மாள் உதட்டில் விரலை வைத்து, முகவாயால் முன்வரிசையைக் காட்டினாள்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் நட்டுவைத்த கம்பம் போல நின்றார். அவ்வளவு நேராக ஒரு மனிதர் நிற்பதைப் பல்செட்டுக்காரர் பார்த்ததில்லை. அவருக்கு மனசுக்குள்ளேயே 'கம்பம்' என்று பெயர் வைத்து, அவர் கையைத் தூக்கினால் இவரும் தூக்கி, அவர் மூச்சு விட்டால் இவரும் விட்டு, எட்டு நாள் ஓடியது. எட்டாம் நாள் கழுத்து இடது பக்கம் ஒரு விரற்கடை திரும்பியது. வீட்டுக்கு வந்து மனைவிக்குத் திருப்பிக் காட்டினார். அவள் மூன்று முறை திருப்பச் சொல்லிப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் கம்பம் வரவில்லை. காலியாக இருந்தது அவருடைய இடம் மட்டும்தான். அதில் பாயை விரித்தார். அன்றுதான் காது அரித்தது.

பத்தாம் நாள் முன்னெச்சரிக்கையாகக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். மணி ஒலித்தது. மேலே காலடி நகர்ந்தது. பதினேழு பேரும் சத்தமில்லாமல் எழுந்து, பாய்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவரைப் பார்த்து நின்றார்கள்.

பதினோராம் நாள் கம்பம் திரும்பி வந்தார். பல்செட்டுக்காரருக்கு உயிர் வந்தது. அந்த உயிர் இரண்டு நிமிஷம்தான் நின்றது. கம்பம் நேராக வந்து, அவருக்குப் பின்னால் பாயைப் போட்டு, பதினெட்டாவது ஆளாக அவரைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தார்.

"டீச்சரே என்னப் பாத்துப் பண்றாரு" என்று வீட்டில் சொன்னார்.

"நல்லாப் பண்றீங்க போல" என்றாள் மனைவி.

"காதச் சொறிஞ்சா சொறியறாங்க."

"அதையும் நல்லாச் சொறிஞ்சிருப்பீங்க."

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று பன்னிரண்டாம் நாள் யோகாவே இல்லாத ஒன்றைச் செய்தார். கண்ணுக்குத் தெரியாத பல்செட் ஒன்றை இடது கையில் பிடித்து, வலது கையால் ராவி, வாயால் ஊதித் தூசியைத் தட்டி, கடைவாய்ப் பல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், விட்டுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. பதினெட்டுப் பேர் ராவினார்கள். பதினெட்டு வாய்கள் ஊதின. ஆவியில் அந்த ஊதல் புகை போலச் சுருண்டது.

மறுநாள் அவர் கதவைத் தள்ளியபோது மணி இன்னும் ஒலிக்கவில்லை. உள்ளே அரை இருட்டில் பதினெட்டுப் பேரும் ஏற்கெனவே ராவிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியே திரும்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவர் செய்த பல்லை வைத்துக்கொண்டு ஊரில் எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள், மெல்லுகிறார்கள், பெண் பார்க்கப் போகிறார்கள். ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பற்கள் டாக்டரிடம் போகும். நன்றியும் டாக்டரிடமே போகும். இங்கே பதினெட்டுப் பேர் அவர் விரல் அசைவதைக்கூடத் தவறவிடாமல் பார்த்தார்கள். அவர் பாய் போடுகிற இடத்தை யாரோ முன்கூட்டியே துடைத்து வைத்திருந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் காலை ஐந்து மணிக்குத் தானாக விழிப்பு வந்தது.

பதினைந்தாம் நாள் கடைசி ஆயுதமாக ஒன்றும் செய்யாமல் இருந்து பார்க்கலாம் என்று சவாசனத்தில் படுத்துவிட்டார். பதினெட்டுப் பேரும் படுத்தார்கள். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. கம்பிகளிலிருந்து நீர்த்துளிகள் சொட்டின. யாரும் அசையவில்லை. மூச்சுவிடும் சத்தம்கூடக் குறைந்துகொண்டே வந்தது. நான் எழுந்திருக்காவிட்டால் இவர்களும் எழுந்திருக்க மாட்டார்களோ என்று அவருக்கு ஒரு நினைப்பு வந்ததும் துள்ளி உட்கார்ந்தார். பதினெட்டுப் பேரும் துள்ளி உட்கார்ந்தார்கள்.

வெளியே செருப்பு மாட்டும்போது தையல்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் கையைத் தொட்டாள். "இன்னிக்கு மாதிரி நான் படுத்ததே இல்லைங்க" என்றாள்.

பதினாறாம் நாள் அவர் போகவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஆறே காலுக்கு மனைவி ஜன்னல் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

"உங்களத் தேடி ஆளுங்க வந்திருக்காங்க."

"எத்தன பேரு?"

"தெரு நெறைய."

எழுந்து வந்து பார்த்தார். வாசலில் பதினெட்டுப் பேர், கக்கத்தில் சுருட்டிய பாய், தலைகளிலிருந்து லேசாக ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. ஒருவரும் பேசவில்லை, கதவைத் தட்டவும் இல்லை. பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக ஒதுங்கிப் போனார். போய்விடுங்கள் என்று பல்செட்டுக்காரர் கையை ஆட்டினார். பதினெட்டுப் பேரும் கையை ஆட்டினார்கள்.

"எவ்வளவு பிரியமான ஆளுங்க. உங்களுக்கு இத்தன பேரு இருக்காங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள் மனைவி. "நாளைக்கு நானும் வரேன்."

வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் 'பிரேக்' என்று சொன்னால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறவள், அன்று அவர் தலையைச் சாய்த்தால் சாய்த்தாள், நிமிர்ந்தால் நிமிர்ந்தாள். வீட்டுக்கு வந்தும் அது நிற்கவில்லை. அவர் டம்ளரை எடுத்தார். ஒரு நொடி கழித்து அவளும் எடுத்தாள். அவர் கீழே வைத்தார், அவளும் வைத்தாள்.

"என்ன பண்ற நீ?"

"தண்ணி குடிக்கிறேன். ஏன்?"

அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. அவருக்குத் தொண்டை வறண்டது, ஆனாலும் டம்ளரை மறுபடி எடுக்கத் துணிவு வரவில்லை.

பதினெட்டாம் நாள் காலையில் முன்வரிசையில் நின்று, மணி ஒலித்து முடிந்ததும் திரும்பினார். கழுத்து மட்டுமே திரும்பியது, உடம்பு திரும்பவில்லை. அதைக் கொண்டாடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அந்த அறையில் முதல் தடவையாக உரக்கப் பேசினார்.

"நான் டீச்சர் இல்ல."

சூட்டுக் குழாய் ஒன்று டக்கென்று சத்தம் போட்டது.

"நான் டீச்சர் இல்ல" என்றார்கள் எல்லாரும்.

"நிஜமாத்தான் சொல்றேன்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

அவருக்கு அழுகை வரும் போலிருந்தது. "ஐயா, நீங்களாவது சொல்லுங்க" என்று கம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்கதானே இங்க டீச்சர்?"

எல்லாரும் கும்பிட்டார்கள். கம்பம் மட்டும் கும்பிடவில்லை.

"நானா? நான் மொத நாள் கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டேன் தம்பி. இடுப்புப் புடிச்சிருந்துது, குனிய முடியாம நேரா நின்னேன். அடுத்து வந்தவரும் நேரா நின்னாரு. அப்புறம் வந்தவங்க எல்லாரும் நின்னாங்க. எப்படி இல்லன்னு சொல்றது? ரெண்டு மாசமா எனக்குத் தெரிஞ்சத எல்லாம் பண்ணிட்டேன்."

"அப்போ நான் முன்னால நின்னதும் ஏன் பின்னால போயிட்டீங்க?"

"நீங்க இப்படி அப்படித் திரும்பாம நேரா முன்னாடியே பாத்துட்டிருந்தீங்க. என்ன ஒரு ஒழுக்கம், இவருதான் டீச்சர், இப்பதான் வந்து சேந்திருக்காருன்னு நெனச்சேன். நிம்மதியா ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வந்தேன்."

பல்செட்டுக்காரர் தையல்கார அம்மாளைப் பார்த்தார். "நீங்கதானே இவரக் காமிச்சீங்க?"

"எனக்கு யாரோ அப்படிக் காமிச்சாங்க" என்றாள் அவள்.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். இந்தத் தடவை ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்கவில்லை, ஆளுக்கொரு மாதிரி, முன்னும் பின்னுமாக. ஒருவர் தன் வேலையைச் சொன்னார், இன்னொருவர் தன் முழங்காலைப் பற்றிச் சொன்னார். இரண்டு மாதம் பக்கத்தில் படுத்து வியர்த்தவர்கள் முதல் தடவையாகக் குரலைக் கேட்டுக்கொண்டார்கள். பல்செட்டுக்காரர் தன் பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தார்.

மனைவிதான் கையைத் தூக்கினாள். "எல்லாம் சரி. அப்போ தெனமும் மணி அடிக்கிறது யாரு?"

சிரிப்பு நின்றது. இருபது பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலைக்கு மேலே அந்தக் காலடி மெல்ல நகர்ந்தது. ஜன்னல் வரை போயிற்று. திரும்பியது. சரியாக அவர்கள் உச்சிக்கு மேலே வந்து நின்றது. பல்செட்டுக்காரர் மனைவியின் கையைப் பிடித்தார். அவளும் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கதவு திறந்தது.

இடுப்பில் ஒரு பெரிய கூடை நிறைய ஈரத் துணியோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். வியர்த்து நின்ற இருபது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"யோகாவுக்கு வந்தவங்களா? அது மேல் மாடிங்க, இது எங்க லாண்டரில துணி காயவைக்கிற ரூம். நான் இன்னிக்குத்தான் இவ்ளோ காலைல வரேன். பாவம், அந்த டீச்சரம்மா ஒரு ஆள்கூட வரலையேன்னு ரெண்டு மாசமா தெனம் மணியடிச்சிட்டுத் தனியா நடந்துட்டிருக்காங்க."